கால் எட்டாத கார்

இந்தக் காலத்தில் எவனுக்கும், எழுந்து போகும்போது இடத்தை முன்பிருந்த மாதிரி விட்டுப் போகத் தெரியவில்லை. குழாயைத் திறந்தவன் மூடமாட்டான். நாற்காலியை இழுத்தவன் உள்ளே தள்ளமாட்டான். கதவைச் சாத்திவிட்டுப் போ என்றால், "உங்களுக்குக் கை இல்லையா?" என்று கேட்பான்.

கொக்கி இதையெல்லாம் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து உரக்கவே சொல்லிக்கொண்டு வந்தார். முந்தின நாள் யாரோ அந்தச் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டு அப்படியே இறங்கிப் போயிருந்தான். கொக்கி குள்ளம். அவருடைய மூக்குப்பொடி டப்பா எதிரே இருந்த பெட்டிக்குள் கிடந்தது. எட்டி எடுக்க முடியவில்லை.

"யாரும்மா உட்கார்ந்தது?"

"உங்க பிள்ளையோட சிநேகிதர், மாமா. ஆறடிக்கு மேல. எங்க வீட்டு மின்விசிறி அவரைப் பார்த்தா பயப்படுது." மருமகள் வண்டியைத் திருப்பினாள்.

"தள்ளினவன் திரும்ப இழுத்து விட்டா கை தேஞ்சிடுமா?"

"நீளமானவங்களுக்கு உலகத்துல குட்டையா யாராவது இருக்காங்கன்னே தெரியாது மாமா. கீழ பார்த்தாத்தானே?"

கொக்கிக்குத் துப்பறிவதுதான் தொழில். போலீஸ் முடித்துக் கட்டிய கேசை எடுத்து அதில் கொக்கி போடுவார். அதனால் அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் அவர் அதிக நாள் இருக்கவில்லை. எழுதி வைத்ததை நம்பமாட்டார், வாயால் சொன்னதை அதைவிட நம்பமாட்டார். மருமகள்தான் அவருக்கு டிரைவர். அவருக்குப் படிக்கத் தெரியாததைப் படிப்பதும், அவர் சொல்ல விரும்பாத மரியாதையைச் சொல்வதும் அவளே.

பின் சீட்டில் ஒரு தையல்காரி உட்கார்ந்திருந்தாள். முந்தானையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"முதல்ல இருந்து சொல்லு" என்றார் கொக்கி, திரும்பாமலே.

"என் அண்ணனும் வீட்டுக்காரரும் ஒரே கார் கம்பெனி ஐயா. செஞ்சு முடிச்ச வண்டியை ஓட்டிக் கொண்டுபோய் வரிசையில நிறுத்தற வேலை. முந்தாநாள் மதியம் என் வீட்டுக்காரர் ஓட்டின வண்டி பின்னால வந்து அண்ணனைச் சுவரோட வெச்சு நசுக்கிடுச்சு. வேணும்னே ஏத்திட்டார்னு கொலைக் கேஸ் போட்டிருக்காங்க."

"வேணும்னு ஏத்த என்ன இருக்கு? மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகாதா?"

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மருமகள் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "கன்னத்துல என்னக்கா?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"உங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு விரல் போல."

தையல்காரி முந்தானையை விட்டாள். மறைத்து இனி பயனில்லை. "முந்தின ராத்திரி அடிச்சிட்டார். நான் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டேன். காலையில அண்ணன் கேன்டீன்ல எல்லார் முன்னாலயும் அவரை அறைஞ்சிருக்கான். பாவம், அவர் பட்டினியாத்தான் வேலைக்குப் போயிருக்கார். சோறு கட்டிக் குடுக்க நான் வீட்டுல இல்லையே."

"பாவமாம்" என்று மருமகள் வாய்க்குள் சொன்னாள்.

"உன் வீட்டுக்காரன் என்ன சொல்றான்?"

"வாயே திறக்கல ஐயா. பேசாம இரு, கம்பெனி வக்கீல் பார்த்துக்குவார்னு மேனேஜர் சொன்னாராம்."

"வக்கீல் வந்தாரா?"

"இன்னும் வரல."

"வரமாட்டார்." கொக்கி இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "உனக்கு என்ன வேணும்? அதைச் சொல்லு."

"அண்ணன் போயிட்டான். இவரும் போயிட்டா எனக்குன்னு யாரும் இல்ல. அவர் வெளிய வரணும் ஐயா. அவ்வளவுதான்."

கார் கம்பெனியின் முன் மைதானம் தாழ்வு, பின் மைதானம் உயரம். இரண்டுக்கும் நடுவே கட்டிடத்தை ஒட்டி, ஒரு கார் போகிற அகலத்துக்கு ஒரு சிமெண்டுச் சரிவு. சரிவின் அடியில் சுவர். சுவரைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். கழுவின இடம் மட்டும் வெளுத்து, ஓர் ஆள் அகலத்துக்குத் தனியாகத் தெரிந்தது. தையல்காரி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அருகில் ஒரு நீலக் கார், போலீஸ் கட்டிய கயிற்றுக்குள் நின்றது.

மேனேஜர் வெயிலிலும் வியர்க்காத ஆள். "பரிதாபம்தான். ஆனா குடும்பத் தகராறு. கம்பெனிக்கு இதுல சம்பந்தமே இல்ல."

"அன்னிக்கு இங்க ஏதோ பெரிய அதிகாரி வந்தாராமே?"

அதைக் கேட்டதும் மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. "அங்கீகாரம் ஐயா! எங்க காரைப் பந்தயத்துல ஓட விடறாங்க. சும்மா விடமாட்டாங்க. பந்தயத்துக்குன்னு பட்டறையில ஒரே ஒரு வண்டியைச் செஞ்சு கொண்டுபோய் ஜெயிக்க முடியாது. அதே வண்டியைக் கடையில விக்கறதுக்கு இருநூறு செஞ்சு நிறுத்திக் காட்டணும். அதிகாரி வந்து எண்ணுவார். நாலைஞ்சுல ஏறி உட்காருவார், திறந்து பார்ப்பார். அப்புறம்தான் முத்திரை. காலையில முன் மைதானத்துல நூறு, மதியம் பின் மைதானத்துல நூறு. நடுவுல அவருக்கு ஹோட்டல்ல விருந்து."

"இப்ப முன் மைதானம் காலியா இருக்கே?"

"வித்துப் போச்சு."

"ரெண்டு நாள்ல நூறு காரா?" என்றாள் மருமகள். "எங்க தெருவுல தக்காளி கூட அவ்வளவு வேகமா விக்கறதில்ல சார்."

மேனேஜர் அவளைக் கவனிக்காத மாதிரி இருந்தார்.

"இந்த நீலக் கார் எந்த மைதானத்து வண்டி?" என்றார் கொக்கி.

"பின் மைதானம். காலையில இருந்தே அங்கதான் நின்னது. அதிகாரி அதைக் காலையில கண்ணால கூடப் பார்க்கல. சாப்பாட்டு வேளை, யாரும் வேலை செய்யல. அந்த ஆள் தானா எடுத்து, சரிவுல பின்னால விட்டு ஏத்திட்டான்."

கொக்கி கயிற்றுக்கு வெளியே நின்றபடி நீலக் காரின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் போயிருந்தது. சீட்டின் மேல் புது வண்டிக்குப் போடும் பிளாஸ்டிக் உறை. அது நுனியிலிருந்து வழுக்கி, முதுகுப் பக்கம் சுருண்டு கிடந்தது. கியர் நடுவில், நியூட்ரலில் நின்றது.

அவர் பின் மைதானத்துக்கு ஏறிப் போய், வரிசையில் நின்ற அதே மாதிரிக் கார் ஒன்றின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"என்னய்யா இது? எனக்கே முட்டுதே. குழந்தைகளுக்குக் கார் செய்யறீங்களா?"

"அப்படி இல்ல ஐயா. தொழிற்சாலையில இருந்து எல்லா வண்டியும் சீட்டை முன்னால தள்ளி வெச்சுத்தான் வரும். ஒண்ணு விடாம. அதுதான் இந்த வண்டியோட பெருமையே. இருநூறும் ஒரே அச்சு. ஒரு திருகாணி மாறக்கூடாது. பந்தய வண்டியில என்ன இருக்கோ அது கடை வண்டியிலயும் இருந்தாகணும். இதோ, ஹேண்ட்பிரேக்கைப் பாருங்க. மத்த வண்டியில கீழ படுத்துக் கிடக்கும். இதுல ஸ்டியரிங் பக்கத்துலயே நிமிர்ந்து நிக்குது பாருங்க. வளைவுல சட்டுன்னு இழுக்கணுமில்ல?"

கொக்கி சீட்டுக்கு அடியில் கைவிட்டு, அதைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். பிறகு நுனியில் தொற்றி உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை வழுக்கி அவரை முதுகுவரை உள்ளே இழுத்துக்கொண்டது. கால் பிரேக்கைத் தேடிக் காற்றில் துழாவியது. அதே நேரம் அவருடைய கை, யாரும் சொல்லாமல் தானாக ஓர் இடத்துக்குப் போனது. போன கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, உறை கிழிஞ்சிடப் போகுது!" என்றார் மேனேஜர்.

"கிழியட்டும். வித்துப்போற வண்டிதானே?"

காரில் ஏறியதும் மருமகள் கேட்டாள். "சொல்லுங்க மாமா. பொடி போடாமலே மூக்கு துடிக்குதே."

"எல்லா வண்டியும் சீட் முன்னால வெச்சு வருது. அவனே பெருமையாச் சொன்னான். நீலக் கார்ல மட்டும் கடைசிவரை பின்னால போயிருக்கு. தள்ளினது யாரு?"

"இவங்க வீட்டுக்காரர்?"

"அவர் ஐயாவைவிடக் குள்ளம்" என்றாள் தையல்காரி பின்னாலிருந்து. "அங்க எல்லாரும் அரை டிக்கெட்னுதான் கூப்பிடுவாங்க."

"அரை டிக்கெட் சீட்டை முன்னால இழுப்பானே தவிர பின்னால தள்ளமாட்டான். நீளக் கால்காரன் ஒருத்தன் அதுல ஏறி உட்கார்ந்திருக்கான். நாலைஞ்சு வண்டியில ஏறி உட்கார்றது யாரோட வேலை?"

மருமகள் பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். "அதிகாரி! ஆனா அவர் காலையில இருந்தது முன் மைதானத்துல. அப்ப நீலக் காரும் முன் மைதானத்துலதான் இருந்திருக்கு. காலையில எண்ணின காரை, அவர் விருந்து சாப்பிடற நேரத்துல பின்னால கொண்டுபோய் நிறுத்தி, மறுபடி எண்ண வெச்சிருக்காங்க. இருக்கறதே நூறுதான்!"

"ஹாரன் அடிக்கறான், ஓரமாப் போ."

"தியேட்டர்ல கூட டிக்கெட்டைக் கிழிச்சுத்தான் உள்ள விடறாங்க மாமா. இவ்வளவு பெரிய அதிகாரி ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருக்கக் கூடாதா?"

கொக்கி தையல்காரியிடம் திரும்பினார். "சீட் பின்னால இருந்தா உன் வீட்டுக்காரன் ஏன் இழுத்துக்கல?"

"சீட்டைத் தொடக்கூடாதுன்னு அங்க உத்தரவு ஐயா. உறை கிழிஞ்சா புது வண்டின்னு சொல்ல முடியாதாம். கிழிச்சவனை அன்னிக்கே நிறுத்திடுவாங்க. அவர் எப்பவும் நுனியில தொத்திக்கிட்டுத்தான் ஓட்டுவார்."

"சரிவுல வண்டி வரிசையா நின்னு ஏறியிருக்கு. முன்னால இருக்கறவன் நின்னா இவனும் நிக்கணும். நின்னான். மேட்டைப் பார்த்து நிக்கற வண்டி, உறை வழுக்கிடுச்சு. இவன் பின்னால போயிட்டான், கால் மேல வந்துடுச்சு. கியர் நடுவுல. வண்டி தானா உருண்டிருக்கு. வேணும்னு ஏத்தறவன் ரிவர்ஸ்ல போட்டிருப்பான்." கொக்கி கொஞ்சம் நிறுத்தினார். "உன் அண்ணன் பின்னால நின்னு கை காட்டிக்கிட்டு இருந்திருக்கான்."

தையல்காரி அழுதாள். "நான்தான் சொன்னேனே ஐயா. அவர் அப்படிச் செய்யமாட்டார்னு."

சொல்லவில்லை. வெளியே வரணும் என்று மட்டும்தான் சொன்னாள். கொக்கி அதைத் திருத்தப் போகவில்லை.

அதிகாரி ஹோட்டல் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே நெட்டை. அவர் நின்றால் அறை சின்னதாகத் தெரிந்தது. விமானத்துக்கு நேரமாகிறது என்று இரண்டு முறை சொன்னார். கொக்கி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. தையல்காரி கதவோரம் நின்றாள்.

மருமகள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க சார்."

நெட்டை அதிகாரி சிரித்தார். மடித்த சட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

"ஏமாந்தேனா? மதியம் பின் மைதானத்துல ஒரு வண்டியில ஏறினேன். என் கால் தாராளமா நீண்டது. தொழிற்சாலையில எனக்காக யாரும்மா சீட்டைத் தள்ளி வெச்சிருப்பாங்க? பதினஞ்சு வருஷமா வண்டி எண்ணறேன். உட்கார்ந்த உடனே தெரிஞ்சுது, காலையில உட்கார்ந்த அதே வண்டி."



"தெரிஞ்சுமா முத்திரை குத்தினீங்க?" என்றார் கொக்கி.

"மிச்ச நூறைப் பிறகு செஞ்சுக்குவாங்க பெரியவரே. பந்தயத்துக்குத் தேதி குறிச்சாச்சு. கார் இல்லாம பந்தயம் நடத்த முடியுமா? பெரிய பெரிய கம்பெனி எல்லாம் இதைத்தான் பண்ணுது. ஊருக்கே தெரியும்."

"அந்தச் சரிவுல ஒருத்தன் செத்துக் கிடந்தானே?"

அதிகாரியின் கை சட்டை மேல் நின்றது. "எனக்கு அப்பத் தெரியாது. ஒரு நீல வண்டி நின்னது. அதுக்குப் பின்னால சுவரோரமா, கார் மூடற துணியை எது மேலயோ போட்டு மூடியிருந்தாங்க. இது என்ன, இதையும் எண்ணணுமான்னு கேட்டேன். மேனேஜர், 'இல்ல சார், இது பழுது'ன்னார்."

கதவோரத்தில் தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"எண்ணி முடிச்சு, கையெழுத்து வாங்கி, உங்களை அனுப்பிட்டுத்தான் போலீஸுக்குச் சொல்லியிருக்காங்க" என்றாள் மருமகள். குரலில் கிண்டல் போயிருந்தது. "இந்தம்மாதான் அந்தப் பழுதோட தங்கச்சி."

அதிகாரி அவளைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துப் பழக்கமில்லாதவர். "எனக்கு வருத்தம்தான். ஆனா நான் என்ன செய்ய முடியும்? தெரிஞ்சே விட்டேன்னு போய்ச் சொன்னா என் வேலை போகும். சொல்லமாட்டேன். நீங்க சொன்னா யாரும் நம்பப் போறதில்ல."

கொக்கி எழுந்தார். அதிகாரியின் நெஞ்சுக்குத்தான் வந்தார். "தெரிஞ்சே விட்டேன்னு உங்களை யார் சொல்லச் சொன்னது? ஏமாந்துட்டேன்னு சொல்லுங்க."

"என்ன?"

மருமகள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டாள். "கம்பெனி என்னை ஏமாத்திடுச்சு, இப்பத்தான் கண்டுபிடிச்சேன், அங்கீகாரத்தை ரத்து பண்றேன்னு நீங்களே போய்ச் சொன்னா, நீங்க நேர்மையான அதிகாரி. நாளைக்கு மேனேஜர் மாட்டிக்கிட்டு, 'அவருக்கு எல்லாம் தெரியும்'னு சொல்லிட்டா, அவர் வாயை யார் மூடறது? ரெண்டு பேர்ல யார் முந்தறாங்கன்னுதான் இருக்கு சார். பந்தயம் உங்களுக்குப் புதுசா?"

நெட்டை அதிகாரி பெட்டியை மூடவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்றார்.

படியில் இறங்கும்போது மருமகள் கேட்டாள். "உண்மையை வெளிய கொண்டுவர ஒரு பொய்யை ஏத்தி அனுப்பறோமே மாமா?"

"உண்மையைத் தனியா அனுப்பினா எவன் வழி விடறான்?"

மறுநாள் எல்லாம் சரசரவென்று நடந்தது. நூறு கார் இருநூறான கதை வெளியே வந்தது. அங்கீகாரம் ரத்து. சீட்டைத் தொடாதே என்று உத்தரவு போட்டவர், பிணத்தை மூடி வைத்தவர், போலீஸிடம் பொய் சொன்னவர் என்று மேனேஜரை உள்ளே தள்ளினார்கள். அவருக்கும் வக்கீல் வருவதாகத்தான் சொன்னார்கள். கொலைக் கேஸ் விபத்துக் கேஸ் ஆனது. அரை டிக்கெட்டை ஜாமீனில் விட்டார்கள்.

ஸ்டேஷன் வாசலில் அவன் சட்டையைச் சரி செய்துகொண்டு வந்தான். நல்ல குள்ளம், ஆனால் வலுவான கை. மனைவி ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்றாள். அவன் அவளைத் தொடவில்லை. கொக்கியைப் பார்த்துக் கும்பிட்டான்.

"உயிரைக் காப்பாத்திட்டீங்க ஐயா."

"கால் எட்டல. சரி" என்றார் கொக்கி. "நானும் உட்கார்ந்து பார்த்தேன். எட்டாது."

"ஆமாங்க ஐயா."

"எனக்குக் கை எட்டுச்சு."

அவன் விழித்தான்.

"பந்தயத்துக்குன்னு ஹேண்ட்பிரேக்கை ஒசத்தி, கைக்குப் பக்கத்துல நிறுத்தியிருக்காங்க. வழுக்கினதும் என் கை தானா அதுக்குத்தான் போச்சு. நான் வாழ்க்கையில கார் ஓட்டினதே இல்ல. நீ தினமும் ஓட்டறவன். மேட்டுல நிறுத்தும்போது முதல்ல இழுக்கறதே அதைத்தான். உன் கை ஏன் போகல?"

மருமகள் கார்ச் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"கையில..." என்றான் அவன். "கையில சோத்துப் பொட்டலம் இருந்துச்சுங்க ஐயா. சாப்பாட்டு வேளையில வண்டி எடுக்கச் சொன்னாங்க. சாப்பிட்டுக்கிட்டே ஓட்டினேன்."

"எந்தச் சோறு?"

"வீட்டுச் சோறுதாங்க."

கொக்கி அவனைப் பார்க்கவில்லை. தையல்காரியைப் பார்த்தார். அவள் கன்னத்தில் விரல் தடம் மஞ்சளாகிக் கொண்டிருந்தது. முந்தின நாள் காரின் பின் சீட்டில், பட்டினியாகப் போனார், கட்டிக் கொடுக்க நான் வீட்டில் இல்லை என்று அவளேதான் சொன்னாள். சொன்னது அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அது முகத்தில் தெரிந்தது. அண்ணனைத் துணி போட்டு மூடிய கதையைக் கேட்டபோது கூட அந்த முகம் இப்படி ஆகவில்லை.

"ஆமா ஐயா" என்றாள். "நான்தான் கட்டிக் குடுத்தேன்."

அரை டிக்கெட் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவள் தோளில் கையைப் போட்டான். அவள் ஒரு தடவை சிலிர்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"வண்டியில பொட்டலம் எதுவும் கிடக்கலையே?" என்றார் கொக்கி.

"யாராவது எடுத்துப் போட்டிருப்பாங்க ஐயா" என்றாள் அவள். "மைதானத்து ஆட்கள் சுத்தம் பண்ணுவாங்க."

கொக்கி பொடியை எடுத்து உள்ளங்கையில் கொட்டினார். போடவில்லை. கீழே உதறினார்.

மருமகள் அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "மாமா, நிஜமாவே தோணாம போயிருக்கலாம். பயத்துல மனுஷனுக்குக் கை கால் ஓடாது."

"இருக்கலாம்."

"அவங்க என்ன கேட்டாங்களோ அது கிடைச்சுது. கேஸ் முடிஞ்சுது."

"உனக்கு முடிஞ்சுது."

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? உள்ள போய் ரெண்டாவது கொக்கி போடுவீங்களா? சாட்சி யாரு? அந்தம்மா இப்பத்தான் சோறு கட்டிக் குடுத்துட்டாங்க."

அரை டிக்கெட் காரின் பின் கதவைத் திறந்து மனைவியை உள்ளே போகச் சொன்னான். பிறகு முன் கதவைத் திறந்து, "ஐயா, நீங்க உட்காருங்க" என்று மரியாதையாகக் காட்டினான். சீட் இன்னும் அப்படியே பின்னால்தான் கிடந்தது.

"நீ இவங்களைக் கொண்டுபோய் வீட்டுல விடு" என்றார் கொக்கி மருமகளிடம். "நான் நடந்து வரேன்."

"வெயில் மாமா. ரொம்ப தூரம்."

"தெரியும்."

தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கினார். பின்னால் காரின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. கார் அவரைக் கடந்து போனபோது, பின் சீட்டில் இருந்தவள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக் கை கூப்பினாள். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை. கையை இடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இல்லாத ஒரு பிடியை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். எவ்வளவு சுலபம். ஒரு கையே போதும். இன்னொரு கையில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.